சிரமம் என்று படித்தேன்

சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையம். அதன் இரண்டாவது மாடியில், கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: என் தாய்மாமன் பொன்னன், அவர் மனைவி இருசாயி அத்தை, நான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆனி மாதம். எதிரில் அந்த மையத்தின் ஆலோசகர் சங்கீதா பதினொரு பக்கத் தாள்கட்டு ஒன்றில் கையெழுத்து விழ வேண்டிய இடங்களுக்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். அன்று பேசிய பேச்சு எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"எல்லாருக்கும் உள்ள ஃபார்ம்தாங்க," என்றார் சங்கீதா. "பெருக்கல் போட்ட எடத்துல அம்மா ஒண்ணு, ஐயா ஒண்ணு போட்டாப் போதும்."

"என்ன எழுதியிருக்குதுங்க?" என்று மாமா கேட்டார்.

"ட்ரீட்மென்ட்டுக்குச் சம்மதம்னு எழுதியிருக்கு."

"சம்மதம்ங்கறதுக்குப் பதினோரு பக்கமுங்களா?"

சங்கீதா சிரித்தார். அத்தையும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "எங்கக்கா மக இங்கிலீசு படிச்சவ. அவ படிச்சுச் சொல்லட்டும்," என்று தாள்களை என் பக்கம் தள்ளினார்.

தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை என்றார் சங்கீதா.

முதல் மூன்று பக்கங்களில் ஒன்றும் சங்கடமில்லை. சொல்லிக்கொண்டே வந்தேன். நான்காம் பக்கத்தில்தான் அந்தப் பட்டியல் இருந்தது. ஒன்றுக்கு மேல் கரு தங்குவது, மாதம் நிறையாமல் பிறப்பது, எடை குறைந்து பிறப்பது, நஞ்சுக்கொடி கீழே இறங்கி உதிரம் போவது, தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறித் தலைவலி, கண்ணில் பொறி, வலிப்பு வருவது. ஒவ்வொரு வரியிலும் 'ரிஸ்க்' என்ற சொல் இருந்தது. அதை அப்படியே சொல்லியிருந்தாலும் பயனில்லை. எங்கள் கொல்லிமலையில் ரிஸ்க் என்பது ஜீப் ஓட்டுகிறவன் பெருமைக்குச் சொல்லிக்கொள்ளும் சொல். 'ஆபத்து' என்று சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் அத்தையின் கால் என் காலை மிதித்தது.

"என்ன கண்ணு போட்டிருக்கு?" என்றார் அத்தை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"வயசு கொஞ்சம் கூட இருக்கறதால, கருவ வெளிய உண்டாக்கி உள்ள வெக்கறதால, மாசமா இருக்கறப்ப சிரமம் இருக்கலாம்னு போட்டிருக்குங்க அத்தை."

"சிரமம்னா?" என்றார் மாமா.

எனக்கு முந்திக்கொண்டு அத்தை பேசினார். "ஏனுங்க, ஏணி வெச்சு மொளகு பறிக்கறது சிரமமில்லீங்களா? எழுவது வளைவு எறங்கி ஏறறது சிரமமில்லீங்களா? சிரமத்துக்குப் பயந்தவ மலையில குடும்பம் பண்ண முடியுமா?"

"சூப்பராச் சொன்னீங்கம்மா," என்று சங்கீதா பேனாவை நீட்டினார்.

அத்தை மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். இ-வில் தொடங்கி யி-யில் முடியும் வரை ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, பெருக்கல் குறி இருந்த இடமெல்லாம் தன் பெயரை எழுதினார். மீதி ஏழு பக்கத்தை யாரும் படிக்கச் சொல்லவில்லை. நானும் படிக்கவில்லை.

அந்தக் கால் ஏன் என்னை மிதித்தது என்று சொல்ல வேண்டும்.

வாழவந்தி நாட்டில் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, சரிவில் மரவள்ளி, ஒரு துண்டில் சாமை. இருசாயி அத்தை அங்கே வந்தது இருபத்திரண்டு வயதில். உயரம் குறைவு, நடை வேகம். ஏணியை மரத்தில் சாத்தினால் மாமா இரண்டு மரம் முடிப்பதற்குள் மூன்று மரத்து மிளகைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு இறங்குவார். மிளகு வாங்க வரும் வியாபாரி ஈரம் என்று சொல்லி எடையைக் குறைத்தால், "உங்க கைதானுங்க ஈரம். தொடச்சுட்டுத் தொட்டுப் பாருங்க" என்பார். அவர் பேச்சுக்காகவே வியாபாரிகள் இரண்டு முறை டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

திருமணமாகிப் பத்தொன்பது வருடம் குழந்தையில்லை. ஊரில் யாரும் அவரை முகத்துக்கு நேராக ஏசியதாக எனக்கு நினைவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். நூறு பேருக்கு ஒரே கையாகச் சமைப்பார். வளையல் பூட்டும் நேரம் வந்ததும், மாமாவின் அண்ணன் மனைவி கண்ணாயி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "ஏ இருசா, சோத்தப் பாரு, அடி பிடிக்குது." அத்தை எழுந்து போய்விடுவார். சோறு அடி பிடித்திருக்காது. என் அக்காவின் வளைகாப்பில் அடுப்பையே அணைத்திருந்தார்கள். அப்போதும் கண்ணாயி அதே வார்த்தையைச் சொன்னார். அப்போதும் அத்தை எழுந்து போனார்.

அந்த வருடம் பங்குனியில் கண்ணாயி வேறொன்றும் பேசத் தொடங்கினார். அவருடைய தங்கை மகள் ஒருத்தி, இருபத்து நாலு வயது, புருஷன் விட்டுவிட்டுப் போய் வீட்டில் இருந்தாள். "பொன்னனுக்கு இவளையும் கட்டி வெச்சுட்டா ஒரு வாரிசு கெடைக்கும். இருசா பெரியவளா இருந்துக்கட்டும், யாரு வேண்டாங்கறாங்க?" மாமா சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. யோசிக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அத்தை மாமாவிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், நாமக்கல் பேருந்து நிலையத்தில் பார்த்த ஒரு விளம்பரத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். நான் செம்மேட்டில் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். மலையில் ஐந்தாவது வரை தமிழிலும், பிறகு நாமக்கல் விடுதியில் தங்கி ஆங்கிலத்திலும் படித்தவள். ஊரில் யாருக்கு ஆங்கிலத் தாள் வந்தாலும் என்னிடம் வரும்.

ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்று மாமா ஒப்புக்கொண்டார். அதற்காகச் சரிவிலிருந்த பலா மரங்களை விற்றார்கள். அந்த அறையில் நான் 'ஆபத்து' என்று சொல்லியிருந்தால் மாமா எழுந்திருப்பார். "உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன் புள்ள?" என்று அன்பாகவே சொல்லியிருப்பார். அன்பாகவே கண்ணாயியின் தங்கை மகளைக் கட்டியிருப்பார். அத்தையின் கால் அதைத்தான் எனக்குச் சொன்னது. ஆனால் மாமாவின் காதுக்கு மறைத்தது அத்தையின் காதுக்கும் மறைந்துவிட்டது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பும் பேருந்தில் தனியாகச் சொல்லலாம் என்றிருந்தேன். மாமா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். அடுத்த வாரம் போனில் அழைத்து, அந்த நான்காம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். "நல்லது நடக்கறப்ப அதெல்லாம் என்னத்துக்கு சாமி," என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது என் வழக்கமில்லை.

ஆடி மாதம் கரு வைக்கப் போனார்கள். அன்றும் நான் உடன் இருந்தேன். ஒன்று வைத்தால் போதும், இந்த வயதில் இரட்டை தங்கினால் உடம்பு தாங்குவது கடினம் என்று டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். சங்கீதா குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வெச்சா வாய்ப்பு கூடத்தாங்க. ஒரு தடவைதான்னு வந்திருக்கீங்க, நீங்களே யோசிச்சுக்குங்க," என்றார்.

யோசிக்க அத்தைக்கு நேரமே ஆகவில்லை. "அவரக்கொட்ட ஊணுறப்ப குழிக்கு ரெண்டு வெதை போடறதுதானுங்களே. ஒண்ணு பூச்சிக்குப் போனாலும் ஒண்ணு நிக்கும். ரெண்டே வெச்சுடுங்க."

மாமாவும் தலையாட்டினார். மலையில் ஒற்றை விதை போடுகிறவன் கிடையாது. சங்கீதா அதற்கும் ஒரு தாளை நீட்டினார்.

இரண்டும் தங்கின.

மூன்று மாதம் வரை அந்த மையம் பார்த்தது. பிறகு, இனி உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம் என்று தடித்த கோப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. அந்தக் கோப்பை அத்தை சாமை மூட்டைக்கு அடியில் வைத்தார். யாரிடமும் காட்டக் கூடாது என்று என்னிடமும் மாமாவிடமும் சத்தியம் வாங்கினார். அதற்குக் காரணமும் கண்ணாயிதான். வயிறு தெரியத் தொடங்கியதுமே, "சேலம் சேலம்னு போனாங்களே, ஊசிப் புள்ளையா இருக்கும். எவன் வெதையோ, யாரு கண்டா?" என்று குடிதண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருந்தார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டே தன் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் மாதம் எங்கள் பகுதிச் செவிலியர் கோகிலவாணியிடம் பதிவு செய்யப் போனபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"வயசு என்னங்க?"

"முப்பத்தெட்டு இருக்குமுங்க."

"இருக்குமா? ஆதார்ல நாப்பத்தி ஒண்ணு போட்டிருக்கு."

"ஆதாருக்கு எம்மேல என்ன கோவமோ."

கோகிலவாணி சிரித்துவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ரெட்டையாட்டம் தெரியுதே. ஸ்கேன் எடுத்தீங்களா?"

"எடுத்தமுங்க. ரெட்டைன்னுதான் சொன்னாங்க."

"பேப்பர் எங்க?"

"மழையில நனஞ்சு போச்சுங்க."

"குடும்பத்துல யாருக்காச்சும் ரெட்டை உண்டா?"

"எங்க அம்மாயிக்கு ரெட்டைதானுங்க."

"இத்தன வருசங் கழிச்சு வந்திருக்குது. ட்ரீட்மென்ட் ஏதாச்சும் எடுத்தீங்களா? டெஸ்ட்டியூப், அந்த மாதிரி?"

"கோயிலுக்கு வெளக்குப் போட்டமுங்க."

கோகிலவாணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்படியும் அந்தப் பெண்மணி தன் கடமையில் குறை வைக்கவில்லை. வயதுக்கும் இரட்டைக்குமாக அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும், கடைசி மாதங்களில் கீழே வந்து தங்கிவிட வேண்டும் என்று சொன்னார். தை மாதக் கடைசியில் அழுத்தம் சற்று ஏறியிருப்பதைப் பார்த்து மாத்திரை கொடுத்து, நான்கு நாளில் மறுபடி வாருங்கள், சிறுநீர் பார்க்க வேண்டும் என்றார். அது மிளகுக் காலம். நான்கு நாள் பத்து நாள் ஆயிற்று. கோகிலவாணி போன் செய்த இரண்டு முறையும் "வாரனுங்க, வாரனுங்க" என்று அத்தை பதில் சொன்னார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அத்தையைப் பார்க்கப் போனேன். வாசலில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. ஏணி ஏற முடியாதே என்ற ஆற்றாமையில், உட்கார்ந்தபடியே ஒரு கம்பால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். நெற்றியில் மிளகை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தார். முகம் உப்பியிருந்தது. கால் கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது.

"என்னங்க அத்தை, கால் இப்படி வீங்கியிருக்கு?"

"ரெண்டு பேரு உள்ள ஊடு கட்டிக் குடியிருக்காங்க. வீங்காம என்ன பண்ணும்?"

"தலைவலியா?"

"மூணு நாளாச்சு கண்ணு. மண்டையப் பொளக்குது. கண்ணுக்கு முன்னால மின்மினியாட்டம் என்னமோ பறக்குது. மேல்வயித்துலயும் இழுத்துப் புடிக்குது."

"நர்ஸ்கிட்டப் போலாங்க. இப்பவே போலாம்."

அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். "எதுக்குப் பதறற? நீதான அன்னைக்கே படிச்சுச் சொன்ன, மாசமா இருக்கறப்ப சிரமம் இருக்கும்னு. காயிதத்துலயே போட்டிருக்காங்களே. சொன்ன சிரமம்தான் வந்திருக்குது, சொல்லாததா வந்துடுச்சு? தாங்கிக்கறேன்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மாமா பின்பக்கம் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர்தான் வாசலில் இருந்தோம். அது சிரமம் இல்லை அத்தை, அந்தத் தாளில் இருந்தது வேறு சொல் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எட்டு மாதம் சொல்லாததை இப்போது சொன்னால் அவர் என்னை என்ன நினைப்பார் என்று யோசித்தேன். "நாளைக்காவது கண்டிப்பாப் போங்க," என்று மட்டும் சொன்னேன்.

"நாளைக்கு மொளகு எடுக்க வியாபாரி வாரான். செவ்வாக்கெழம போறேன்."

செவ்வாய்க்கிழமை போகவில்லை. புதன்கிழமை முற்பகல், பத்தரை மணிக்கு, அதே பாயின் மேல் வலிப்பு வந்து விழுந்தார். ஆம்புலன்ஸ் செம்மேட்டைக் கடக்கும்போது நானும் ஏறிக்கொண்டேன். உள்ளே இருந்த பெண் ஊழியர், அழுத்தப் பட்டையை இரண்டு முறை கட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் ஒரு எண்ணைச் சொன்னார். அதன் பிறகு வண்டி ஹாரனை நிறுத்தவில்லை. வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் உண்டு. மேலிருந்து கீழே வரும்போது எண் குறைந்துகொண்டே வரும். நாற்பத்திரண்டாவது வளைவில் மறுபடி வலிப்பு வந்தது. மாமா அத்தையின் பற்களுக்கிடையில் தன் விரலை வைக்கப் போனார். அந்தப் பெண் அவர் கையைத் தட்டிவிட்டு, அத்தையை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். காரவள்ளி வந்து சமதரை தொட்டபோது மாமா அழுதுகொண்டிருந்தார்.

கீழே அரசு மருத்துவமனையில் தயாராக நின்றிருந்தார்கள். ஒரு டாக்டர் என்னிடம் கேட்டார்: "எத்தனாவது வாரம்? தானா வந்ததா, ஐ.வி.எஃப்-ஆ?"

நான் பதில் சொல்லும் முன் மாமா, "தானாத்தானுங்க," என்றார். அந்த நிமிடத்திலும் அத்தைக்குச் செய்த சத்தியத்தைக் காத்தார். நான் முதல் முறையாக வாயைத் திறந்து, "இல்லைங்க டாக்டர், ஐ.வி.எஃப். முப்பத்தோரு வாரம்," என்றேன். "இத முன்னாடியே சொன்னாத்தானே," என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே ஓடினார்.

அறுவைசிகிச்சையில் இரண்டு குழந்தைகளையும் எடுத்தார்கள். ஆண் ஒன்று, ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராம். பெண் ஒன்று, எண்ணூற்றெண்பது கிராம். அத்தைக்கு நினைவு திரும்ப ஆறு நாள் ஆயிற்று. பெண் குழந்தை நான்கு நாள்தான் இருந்தது.

அந்த நான்கு நாளில் மாமாவையும் என்னையும் ஒரு முறை உள்ளே விட்டார்கள். பெண் குழந்தை என் கைக்கு ஒரு முழம்கூட இல்லை. காலில் கட்டியிருந்த சீட்டில் 'இருசாயி - 2' என்று இருந்தது. ஐந்தாம் நாள் காலை ஒரு துணிச் சுருளை மாமாவின் கையில் கொடுத்தார்கள். மலைக்குக் கொண்டுபோகலாமா என்று அண்ணனுக்குப் போன் செய்து கேட்டார். பேர் வைக்காத பிள்ளை, அங்கேயே பார்த்து முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். நகராட்சி இடுகாட்டில் ஒரு ஓரத்தில் குழி வெட்டி மூடினார்கள். தாய் அதைப் பார்க்கவில்லை.

கோகிலவாணி மலையிலிருந்து பார்க்க வந்தார். வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தினார். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அஞ்சாம் மாசமே கீழ பெரிய டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். தெனம் அழுத்தம் பாத்திருப்பாங்க. நீ படிச்ச பொண்ணுதான? ஜன்னலையே பாத்துட்டு நின்னயே."

ஐம்பத்து மூன்று நாள் கழித்து பையனோடு மலை ஏறினார்கள். சுபாஷ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வைத்த நாளில் கண்ணாயிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பேரப்பிள்ளை மாதிரி தூக்கிக் கொஞ்சிவிட்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்: "குழிக்கு ரெண்டு போட்டா ஒண்ணப் புடுங்கித்தான ஆகோணும் இருசா. நின்னது ஆம்பளையாப் போச்சு, சந்தோசப்படு." அத்தை தன் பழைய வாயோடு ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பையனுக்குப் பால் கொடுக்கும் சாக்கில் உள்ளே எழுந்து போனார். அன்று சோற்றைப் பார்க்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை. எல்லா விசேஷத்திலும் இனி முன்வரிசைதான்.

அத்தையின் வலது கண் அதற்குப் பிறகு தெளியவில்லை. புகை மூட்டமாகத் தெரிகிறது என்பார். தினமும் அழுத்தத்துக்கு மாத்திரை. ஏணி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிளகை மாமா பறிக்கிறார், மெதுவாக. வியாபாரி எடையைக் குறைத்தால் இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பையன் மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகக் குப்புற விழுந்தான், தாமதமாக உட்கார்ந்தான். மாதம் ஒரு முறை கீழே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நானும் கூடப் போவேன்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் சொன்னேன். மருத்துவமனை மரத்தடியில் எங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தோம். மாமா டீ வாங்கப் போயிருந்தார். அந்த நான்காம் பக்கத்தில் இருந்தது சிரமம் இல்லை, ஆபத்து, ஒவ்வொரு ஆபத்தையும் பேர் சொல்லி எழுதியிருந்தார்கள், தலைவலி, கண்ணில் பொறி, வலிப்பு எல்லாம் இருந்தது, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை குனிந்து பையனின் மூக்கைத் துடைத்தார். பிறகு, "நாந்தான உங் கால மிதிச்சேன்," என்றார்.

"நான் பொறவாச்சும் சொல்லியிருக்கோணும் அத்தை."

"ஆமா. சொல்லியிருக்கோணும்." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஆபத்துன்னு சொல்லியிருந்தாலும் நாங் கையெழுத்துப் போட்டிருப்பேன் கண்ணு. அதுல மாத்தமில்ல. ஆனா தலவலி வந்த அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. என்னை அழைப்பதையும் நிறுத்தவில்லை. கண்ணு என்றும் சாமி என்றும் முன்போலத்தான் கூப்பிடுகிறார். எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

பையனுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தபோது அந்தக் கருத்தரிப்பு மையத்திலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது. அங்கே கரு வைத்துப் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரு விழா, வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். ஆஸ்பத்திரியோடு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி என்ன ஒளிவு, போக வேண்டும் என்றார் மாமா, போனார்கள். பையனுக்கு ஒரு புதுச்சட்டை கொடுத்தார்கள். அத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கீதா பையனைத் தூக்கி முத்தம் கொடுத்து, "எங்க மலைத்தேனு," என்றாராம். இன்னொரு குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படம் எடுத்தார்கள். மாமாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

அடுத்த மாதம் பையனைக் காட்டிவிட்டு அத்தையும் பையனும் நானும் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று மாமா வரவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் பேருந்து நின்றது. நிறுத்தத்துக்கு எதிரில் மாடி உயரத்துக்கு ஒரு புது ஃப்ளெக்ஸ். அதில் பொன்னாடையும் சிரிப்புமாக இருசாயி அத்தை, மடியில் சுபாஷ். 'கொல்லிமலைத் தாயின் கனவு நனவானது' என்று பெரிய எழுத்து. கீழே 'எங்கள் வெற்றிக் குழந்தைகளில் ஒருவன்' என்று சின்ன எழுத்து. அதற்கும் கீழே தொலைபேசி எண்.

பேருந்தில் இரண்டு பேர் திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், மலைக்காரிதான், அந்த எண்ணைத் தன் போனில் குறித்துக்கொண்டாள். குறித்துவிட்டு அத்தையைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். அத்தை அவளைப் பார்த்தார். பிறகு நல்ல கண்ணை வாகாகத் திருப்பி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் வண்டியை எடுக்கும்போது, என் கையைப் பிடித்து, மெதுவாகத்தான் கேட்டார்:

"கண்ணு, அவங்களுக்கு நீ ஒரு கடுதாசி எழுதோணும். இங்கிலீசுலயே எழுது, அப்பத்தான் படிப்பாங்க. படத்த எடுக்கச் சொல்ல வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும். இவம் பக்கத்துல கொஞ்சம் எடம் சும்மா கெடக்குது பாரு, அங்க. 'இவங்கூட ஒருத்தி பொறந்தா, நாலு நாளு இருந்தா'ன்னு போடச் சொல்லு. பெரிய எழுத்து வேண்டாஞ் சாமி. பஸ்ஸுல உக்காந்திருக்கறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."